கோழியின் தீனிப்பை வீங்கி, புளித்த வாடை அடித்தால் என்ன செய்யலாம்?

இரண்டு வயதுப் பெட்டைக் கோழி. மூன்று நாளாகக் கழுத்தடியில் வீக்கம். தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளும்புகிறது, வாயருகே முகர்ந்தால் புளித்துப்போன மாவின் வாடை. தீனியைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போகிறது. நேற்று தூக்கியபோது வாயிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. தலைகீழாகப் பிடித்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிடச் சொல்கிறார் ஒருவர். வினிகர் கலந்த தண்ணீர் போதும் என்கிறார் இன்னொருவர். வேறொரு கோழிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. இதில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, எந்த மருந்து என்பது மட்டுமல்ல உங்கள் கவலை. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் கோழி பிழைக்குமா, நாள் கடத்தி அதை இழந்துவிடுவோமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி.

நான் கால்நடை மருத்துவர். பல வருடங்களாக வீட்டில் செல்லமாக வளர்க்கும் கோழிகளைப் பார்த்து வருகிறேன். அவசரத்துக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோழியைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். மூன்று நாள் ஆகிவிட்டதால், இன்று முடியாவிட்டால் நாளைக்குள் பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது, தீனிப்பையில் தீனி தேங்கிப் புளித்து அதில் ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல், உள்ளே இருக்கும் நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்க்காமல், யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. கீழே எழுதுவதை அந்த வரம்போடு படியுங்கள்.

தீனிப்பை என்பது உணவுக்குழாயே கழுத்தின் அடியில் அகன்று பையாக மாறிய இடம். பலர் இதை இரைப்பை என்றும் சொல்வார்கள். கோழியின் மார்பு எலும்புக்குச் சற்று மேலே, அதன் வலது பக்கமாகக் கைக்குத் தட்டுப்படும். இங்கே செரிமான அமிலம் எதுவும் சுரப்பதில்லை. தீனி தண்ணீரில் ஊறி மிருதுவாகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கீழே அமிலம் சுரக்கும் சிறிய வயிறும், அதற்கடுத்துத் தீனியை அரைக்கும் தசைப்பையும் இருக்கின்றன. அந்த அரைவைப்பை காலியாக இருந்தால் கொத்திய தீனி தீனிப்பையில் தங்காமல் நேராகவே போய்விடும், நிறைந்திருந்தால் தீனிப்பையில் காத்திருக்கும். மாலையில் அடையும் முன் கோழி வயிறு முட்டத் தின்னும், அதனால் இரவில் தீனிப்பை உருண்டு திரண்டு இருப்பது இயல்பு. இரவு முழுக்க அது மெல்ல இறங்கி, விடியும்போது பை தட்டையாகி, கைக்கே தட்டுப்படாமல் போயிருக்க வேண்டும். ஆகவே தீனிப்பையைச் சோதிக்க உகந்த நேரம் அதிகாலை, கோழி ஒரு வாய்கூடத் தின்பதற்கு முன். சாயங்காலம் தொட்டுப் பார்த்துவிட்டு வீக்கம் என்று பதறி வருபவர்கள் உண்டு, அவர்களில் பாதிப் பேரின் கோழிக்கு ஒன்றுமே இருக்காது. உங்கள் கோழிக்கு மூன்று காலையும் பை நிறைந்தே இருந்திருக்கிறது என்றால், அது சாயங்கால நிறைவு இல்லை.

விரலுக்கு எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிசைந்த மாவு போலவோ கெட்டிப் பந்து போலவோ இருந்து, அழுத்தினால் உள்ளே நார்க்கற்றை போல ஏதாவது தட்டுப்பட்டால், அது அடைப்பு. நீளமான புல், வைக்கோல், இறகு, கூட்டில் பரப்பிய படுகை ஆகியவற்றை விழுங்கிய கோழிகளில் இதைப் பார்ப்போம். தளும்பும் தண்ணீர்ப் பையாக இருந்து, புளித்த வாடையும் சேர்ந்தால், தேங்கிப் புளித்த தீனிப்பை. வாடையோ இறுக்கமோ இல்லாமல் பை மட்டும் கீழே தொங்கி, நடக்கும்போது ஊசலாடினால், தசை தளர்ந்து தொங்கும் தீனிப்பை. இவை மூன்றும் தனித்தனியாக வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடைப்பில் தொடங்கி, மேலே தேங்கிய நீர் புளித்து, நாளடைவில் தசை தளர்ந்துபோன கோழிகள் நிறைய வருகின்றன. குழப்பக்கூடிய இன்னொன்றும் உண்டு. தோலுக்கடியில் காற்று சேர்ந்து உப்பியிருந்தால், அழுத்தும்போது சருகை மிதித்தது போல நொறுநொறுவென்று இருக்கும். அது மூச்சுக்கான காற்றுப்பையில் ஏற்பட்ட கிழிசல், தீனிப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தொட்டதோடு நிறுத்தாமல் வாயையும் திறந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பூஞ்சை என்ற சந்தேகம் வலுக்கும். மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும் படிவு என்றால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். கோழியம்மையின் ஈர வகையும் வாயில் இதே மாதிரிப் படிவை உண்டாக்கும். வைட்டமின் ஏ குறைந்தாலும் வாயிலும் உணவுக்குழாயிலும் சிறு வெண்கொப்புளங்கள் வரும். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு. படிவைச் சுரண்டி எடுக்க முயலாதீர்கள், படம் எடுத்துவைத்தால் போதும்.

இனி அந்தப் பூஞ்சையைப் பற்றி. பெரும்பாலும் அது கேண்டிடா அல்பிகன்ஸ். வெளியிலிருந்து திடீரென்று பாய்ந்து வந்த கிருமி இல்லை, நலமாக இருக்கும் கோழியின் குடலிலும் தீனிப்பையிலும் சிறு எண்ணிக்கையில் எப்போதும் இருக்கக்கூடியதுதான். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் பையை லேசான அமிலத்தன்மையோடு வைத்து அதை அடக்கி வைத்திருக்கும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசுக்கு மேல். அந்தச் சூட்டில், ஈரத்தில், ஊறிய தானியம் நகராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும், ஈஸ்ட் பெருகும், பையின் உள்சுவர் தடித்து வீங்கும், வீங்கிய சுவர் சுருங்கி விரிய மறுக்கும், அதனால் தேக்கம் இன்னும் கூடும். முற்றிய கோழியைப் பிரேதப் பரிசோதனையில் திறந்தால் உள்சுவர் வெண்மையாக, தடித்த பூத்துவாலையின் முகப்பு போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இதனால்தான், வாடை அடிக்கிறது என்றதும் பூஞ்சை மருந்தைத் தேடுவதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: தீனி ஏன் நின்றது? பெரும்பாலான கோழிகளில் பூஞ்சை இரண்டாவதாக வந்தது, தேக்கம்தான் முதலில் வந்தது. தேக்கத்துக்குக் காரணம் தீனிப்பையிலேயே இருக்கலாம், நார் அடைப்பு போல. கீழே அரைவைப்பையில் இருக்கலாம், விழுங்கிய கம்பித் துண்டு போல. தீனிப்பையின் சுவரில் குடியேறும் கேப்பில்லேரியா என்ற மயிரிழைப் புழுக்களாக இருக்கலாம். மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய், தீனிப்பையை இயக்கும் வேகஸ் நரம்பைத் தாக்கினால் பை செயலிழந்து விரிந்துபோகும், இது இளங்கோழிகளில் அதிகம். பழைய பெயின்ட், ஈயக் குண்டு இவற்றைக் கொத்திய கோழிக்கு ஈய நஞ்சால் குடலே நின்றுவிடும். முட்டையிடும் வயதுக் கோழி என்பதால் உங்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக எப்போது முட்டையிட்டது? முட்டை உள்ளே சிக்கியிருந்தாலோ, மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்தி அழற்சி வந்திருந்தாலோ, வலியில் செரிமானம் முழுக்க மந்தமாகும், தீனிப்பை நிறைந்தே நிற்கும். ஆசனவாய்க்குக் கீழே வயிறு உப்பி மெத்தென்றிருக்கிறதா, கோழி பென்குவின் போல நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், தீனிப்பை அடுத்தது.

தலைகீழாகப் பிடிப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், செய்தவர்களில் பலருடைய கோழி பிழைத்தும் இருக்கிறது. ஆனால் கோழியின் வாயில், நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. நமக்கு இருப்பது போல அதை மூடும் மூடி அதற்கு இல்லை. பையை அழுத்தி நீரை மேலே தள்ளும்போது, வரும் நீர் அந்தத் துளையைக் கடந்துதான் வெளியேற வேண்டும். அந்த நொடியில் கோழி மூச்சை இழுத்தால் புளித்த நீர் நுரையீரலுக்குள் போகும். சில கோழிகள் கையிலேயே மூச்சடைத்துச் சாகும். மற்றவை இரண்டு மூன்று நாளில் நிமோனியாவில் போகும், அப்போது அது இதனால்தான் என்று யாருக்கும் தோன்றாது. வாயில் இன்னும் பழுப்புத் தண்ணீர் ஒட்டியிருந்த நிலையில், மடியில் கிடத்திக் கொண்டுவரப்பட்ட ஒரு கோழி என் மேசையில் கடைசி மூச்சு விட்டதை நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர் அதை மிகவும் நேசித்தவர். உங்கள் கோழிக்குத் தூக்கும்போதே நீர் ஒழுகுகிறது என்பதால், அது ஏற்கெனவே அந்த ஆபத்தின் விளிம்பில் இருக்கிறது. தூக்கும்போது தலையும் கழுத்தும் எப்போதும் உயர்ந்தே இருக்கட்டும், மார்பில் அழுத்தம் படாமல் அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள்.

மருத்துவரிடம் போகும்வரை செய்யக்கூடியவை இவை. மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, காற்று வீசாத, கதகதப்பான, சந்தடியில்லாத இடத்தில் வையுங்கள். கீழே வைக்கோலோ மரத்தூளோ வேண்டாம், அதையும் கொத்தும். பழைய துணியையோ காகிதத்தையோ விரித்தால் எச்சம் எவ்வளவு, என்ன நிறம் என்பதும் தெரியும். கொஞ்சமாக, பச்சை நிறத்தில் மட்டும் எச்சம் வந்தால் உள்ளே தீனி எதுவும் போகவில்லை என்று பொருள். பன்னிரண்டு மணி நேரம் எச்சமே இல்லை என்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள். தீனியை எடுத்துவிடுங்கள், ஆனால் மருத்துவரைப் பார்க்கும்வரைதான். ஒரு நாளைத் தாண்டிப் பட்டினி போடுவது, ஏற்கெனவே மூன்று நாளாகச் சரியாகத் தின்னாத கோழியைத் தள்ளிவிடும். சுத்தமான தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கட்டும், தானாகக் குடிக்கட்டும். சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். தளும்பும் பையைப் பிசைந்துவிடவும் வேண்டாம். பிசைவது கெட்டியான அடைப்புக்குச் சொல்லப்படும் முறை, நீர் நிறைந்த பையில் அது நீரை மேலே தள்ளும். ஒரு தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், தினமும் அதே நேரத்தில். மார்பு எலும்பு கத்தி முனை போலக் கைக்குத் தட்டுகிறதா என்றும் பாருங்கள். வீக்கம் மூன்று நாளாகத்தான் தெரிந்திருக்கிறது, ஆனால் எலும்பு துருத்திக்கொண்டு நின்றால் நோய் பல வாரங்களாக இருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூச்சில் கொரகொரவென்று நீர்ச் சத்தம் கேட்டாலோ, கொண்டை கருநீலமாக மாறினாலோ, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாலோ உடனே கிளம்புங்கள்.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குத் தயக்கம் குறையும். தலையை உயர்த்திப் பிடித்து, வாயின் இடது ஓரத்திலிருந்து கழுத்தின் வலது பக்கம் நோக்கி மிருதுவான ஒரு குழாயை இறக்குவார். கோழியின் உணவுக்குழாய் வலது பக்கமாகப் போவதால் அந்தத் திசை, அப்படி இறக்கினால் மூச்சுக்குழாய்க்குள் நுழையும் வாய்ப்பு குறைவு. அதன் வழியே தேங்கிய நீரை உறிஞ்சி, வெதுவெதுப்பான உப்புநீரால் அலசுவார். பார்க்க எளிதாகத் தோன்றும், கை பழகாதவர் செய்தால் விபரீதம். எடுத்த நீரில் ஒரு சொட்டைச் சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் பார்ப்பார். டிரைக்கோமோனாஸ் இருந்தால் துடித்து நீந்தும், ஆறிப்போன மாதிரியில் அசைவு நின்று கண்ணுக்குத் தப்பிவிடும். ஒன்றிரண்டு ஈஸ்ட் செல் இருப்பது நோய் ஆகாது. கூட்டம் கூட்டமாக மொட்டுவிட்டுப் பெருகியிருந்தாலோ, நூலிழை போல நீண்ட வடிவங்கள் தெரிந்தாலோ, பூஞ்சை உள்சுவருக்குள் வேர்விடுகிறது என்று சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். கேட்டு வாங்குங்கள். கூடவே எச்சத்தில் புழு முட்டைச் சோதனையையும் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார்.

பூஞ்சை என்று உறுதியானால் வழக்கமாக முதலில் தருவது நிஸ்டாட்டின். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை செய்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்து 1950இல் அறிவித்த மருந்து அது. நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். இத்தனை வருடம் ஆகியும் தீனிப்பைப் பூஞ்சைக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். அதன் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் கொடுக்கும் விதமும் புரிந்துவிடும்: குடலிலிருந்து அது ரத்தத்தில் ஏறுவதில்லை. பூஞ்சையின் மேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். அதனால் பை நீராலும் தீனியாலும் நிறைந்திருக்கும்போது கொடுத்தால் மருந்து கரைந்து வீணாகும். முதலில் பை காலியாக வேண்டும், தீனிக்கு முன் கொடுக்க வேண்டும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். வாயில் புண் இருந்தால் மருந்து அங்கேயும் பட வேண்டும். ரத்தத்தில் ஏறாததால் பக்க விளைவு குறைவு. அதே காரணத்தால், சுவருக்குள் ஆழமாக இறங்கிய பூஞ்சையை அதனால் எட்ட முடியாது. அப்போது புளூகோனசோல் போல ரத்தத்தில் ஏறும் மருந்து தேவைப்படும், அவற்றில் ஈரலைக் கவனிக்க வேண்டும். வாய்வழி நிஸ்டாட்டின் திரவம் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 யூனிட் என்ற செறிவில் வரும். உங்கள் கோழிக்கு எத்தனை மில்லி என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எடை தெரியாமல், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரியாமல் சொல்லும் அளவு உங்களுக்கு உதவாது. சிகிச்சை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை போகும். மூன்றாம் நாளே வாடை போய்விடும், அத்துடன் நிறுத்திவிடுபவர்கள்தான் பத்து நாளில் திரும்பி வருகிறார்கள்.

ஆன்டிபயாடிக் ஏன் வேண்டாம் என்றால், அது பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் லாக்டோபேசில்லஸையும் சேர்த்து அழித்து, இடத்தை ஈஸ்டுக்கே விட்டுக்கொடுக்கும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் கொடுத்ததே இந்த நோய்க்கு நன்கு தெரிந்த காரணங்களில் ஒன்று. சென்ற மாதம் ஏதாவது காரணத்துக்காக இதே கோழிக்கு அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தவறிழைத்திருக்கிறேன். ஒரு கோழிக்குத் தீனிப்பை நீரைச் சோதிக்காமல், சீழ்க் கிருமியாக இருக்கும் என்று எண்ணி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அது இன்னும் மோசமாகித் திரும்பியது. அன்றிலிருந்து நுண்ணோக்கியில் பார்க்காமல் தீனிப்பைக்கு நான் மருந்து எழுதுவதில்லை. பாக்டீரியாத் தொற்று வரவே வராது என்று இதற்குப் பொருளில்லை. வரும், அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும் கோழிகளும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது அந்த ஒரு சொட்டு நீர்.

வினிகரைப் பற்றிச் சந்தேகத்தோடுதான் சொல்ல முடியும். குடிநீரில் மிகக் குறைவாகக் கலந்த ஆப்பிள் சைடர் வினிகர் நலமான கோழிக்குத் தீங்கு செய்யாது. ஆனால் முற்றிய தீனிப்பைப் பூஞ்சையை அது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. கேண்டிடா அமிலத்தைத் தாங்கி வளரக்கூடியது, புளித்த பையே ஏற்கெனவே அமிலம்தான். உள்சுவர் புண்ணாகியிருந்தால் வினிகர் எரிச்சலூட்டும், எரிச்சலில் கோழி தண்ணீர் குடிப்பதையே நிறுத்தும், அதுதான் பெரிய இழப்பு. உலோகப் பாத்திரத்தில் கலந்தால் உலோகம் கரைந்து நீரில் சேரும் என்பதும் உண்டு. மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) குடிநீரில் கலப்பது பழைய பண்ணை முறை. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் ஒற்றைக் கோழிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சமையல் சோடா உள்ளே இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பி, ஏற்கெனவே இறுகிய பையை இன்னும் உப்ப வைக்கும். எண்ணெய் ஊற்றுவது கெட்டியான நார் அடைப்பில் சில நேரம் உதவுகிறது, உங்கள் கோழிக்கு இருப்பது அது இல்லை. எண்ணெய் மூச்சுக்குழாயில் போனால் வரும் நிமோனியாவைச் சரிசெய்வது மிகவும் கடினம். மனிதர்களின் தோலில் பூசும் பூஞ்சைக் களிம்பைச் சிறு உருண்டையாக விழுங்கக் கொடுத்துக் குணமானதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்தக் களிம்புகளிலும் பூஞ்சை மருந்துதான் இருக்கிறது. ஆனால் விழுங்குவதற்காகச் செய்யப்படாத ஒன்றை, அளவு தெரியாமல், நோய் இன்னதென்று உறுதியாகாமல் கொடுப்பதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. தயிர், புரோபயாடிக் தூள் இரண்டும் பூஞ்சையைக் கொல்லாது. குணமான பிறகு கொஞ்சம் கொடுத்தால் கெடுதல் இல்லை, பலன் உண்டா என்றால் நிரூபணம் போதாது. பாலில் இருக்கும் லாக்டோசைக் கோழியால் சரியாகச் செரிக்க முடியாது, அதனால் தயிரை அள்ளி வைத்தால் கழிச்சல்தான் வரும்.

பை காலியாகி மருந்து தொடங்கியதும் தீனியை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். வழக்கமான சரிவிகிதத் தீனியைத் தூளாக்கி வெதுவெதுப்பான நீரில் கூழாகக் குழைத்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு தேக்கரண்டி அளவில் தொடங்குங்கள். அடுத்த வேளைக்கு முன் பையைத் தொட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் அடுத்தது கொடுங்கள், இறங்கவில்லை என்றால் பொறுங்கள். குழைத்த தீனி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது, வெளியிலேயே புளித்துவிடும். முழுத் தானியம், புல், பழம், ரொட்டி, இனிப்பு எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். சர்க்கரை ஈஸ்டுக்கு உணவு. குடலை இயக்கும் மருந்துகளும் வலி மருந்தும் மருத்துவர் தேவையென்றால் தருவார். குடலை இயக்கும் மருந்தை, கீழே அடைப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் கொடுக்கவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் நோய் திரும்பி வந்தால், அதே மருந்தை மறுபடி மறுபடி வாங்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு கோழிக்கு மூன்று மாதத்தில் மூன்று முறை நிஸ்டாட்டின் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் குணமானது, ஒவ்வொரு முறையும் சில வாரத்தில் பை மறுபடி தளும்பியது. மூன்றாவது முறைதான் எக்ஸ்ரே எடுத்தேன். அரைவைப்பையில் சிறு கம்பித் துண்டு ஒன்று குத்தி நின்றது. எக்ஸ்ரேயை முதல் முறையே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. கம்பியை அகற்றிய பிறகு பூஞ்சை மருந்தே தேவைப்படவில்லை. ஆகவே இரண்டாவது முறை வந்தால் எக்ஸ்ரே, ஈயத்துக்கான ரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். நார்க்கட்டி கரையாமல் நின்றால் பையைத் திறந்து எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மயக்க மருந்தோடு, பையையும் தோலையும் தனித்தனி அடுக்காகத் தைத்துச் செய்தால் கோழிகள் நன்றாகவே தேறுகின்றன. சமையலறை மேசையில் பிளேடு வைத்துச் செய்யும் காணொளிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். கோழி சத்தம் போடாமல் இருப்பதால் அதற்கு வலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். வலியையும் பயத்தையும் வெளிக்காட்டாமல் உறைந்துபோவது இரையாகும் விலங்குகளின் இயல்பு.

பிழைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சில நாளிலேயே கவனித்து, காரணம் எளிதாக இருந்தால், பெரும்பாலான கோழிகள் தேறிவிடுகின்றன. உங்கள் கோழி இன்னும் நடமாடுகிறது, தீனியருகே வருகிறது என்பது நல்ல அறிகுறி. மேரெக்ஸ் நோயாலோ வயிற்றுக்குள் கட்டியாலோ வந்த தேக்கம் என்றால் நிலைமை வேறு. பையைச் சரிசெய்தாலும் அடிப்படை நோய் போகாது. தசை நிரந்தரமாகத் தளர்ந்துவிட்ட கோழிகளுக்குப் பையைத் தாங்கிப் பிடிக்கும் துணிக்கச்சை கட்டி, குழைத்த தீனியை அளவாகக் கொடுத்து, வருடக்கணக்கில் நிம்மதியாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வேலை அதிகம், ஆனால் முடியும். எடை இறங்கிக்கொண்டே போய், தின்னவும் முடியாமல், வலியோடு இருக்கும் கோழிக்கு, வலியில்லாமல் உயிர்விடச் செய்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதிலும் தவறில்லை. உங்கள் கோழி அந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முட்டையைப் பற்றி: சிகிச்சை நடக்கும்போது இடும் முட்டைகளைச் சாப்பிட வேண்டாம். மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு, எத்தனை நாள் விலக்க வேண்டும் என்ற விதி மாறும். டிரைக்கோமோனாஸுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் வகை மருந்துகளை உணவுக்கான கோழிகளில் பல நாடுகள் தடையே செய்திருக்கின்றன. நீங்கள் செல்லமாக வளர்த்தாலும் முட்டையைச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை வைத்துத்தான் அவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். இந்தப் பூஞ்சை ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்குச் சளி போலத் தாவுவது இல்லை. ஆனால் உங்கள் கோழிக்கு இதை வரவழைத்த சூழல் மற்றவற்றுக்கும் அதே சூழல்தான். பூசணம் பிடித்த தீனி மூட்டை இருந்தால் தூக்கி எறியுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தின் உள்சுவரில் வழுவழுப்பு படிந்திருந்தால் தினமும் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். வெட்டிய நீளப் புல்லை அவை எட்டும் இடத்தில் குவிக்காதீர்கள். வெளியே மேயாத கோழிகளுக்கு அரைவைப்பைக்குத் தேவையான கரையாத சிறு கற்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சிப்பித்தூள் அதற்கு மாற்று ஆகாது, அது கரைந்து சுண்ணாம்புச் சத்தாகிவிடும். நோய்க் கோழிக்கு மட்டும் பை ஒழுங்காக இறங்கத் தொடங்கிய பிறகு அந்தக் கற்களைக் கொடுத்தால் போதும்.

மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு, விடிந்ததும் கூட்டைத் திறப்பதற்கு முன் அதன் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து எடையோடு குறித்து வையுங்கள். எந்தக் காலையிலாவது பை நிறைந்திருந்தால் அன்றே அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள்.